கம்பும் காகிதமும் கடலடிப் பெட்டியும்

செம்பாக்கத்தில் வாசற்படியை ஏற்றிக் கட்டுவது இப்போது மழைக்கு முந்தைய சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு வீடுகளெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். மற்றவர்கள் கேட்டுக்கு அடியில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசி, "இந்த வருஷம் தாங்கும்" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஏரிக்கு ஒரு தெரு தள்ளிக் குடியிருக்கும் அந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் இரண்டாவது வகை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'.

வேலைக்கு வந்த மேஸ்திரி மட்டம் பார்க்க டியூப் எடுத்துவந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே பாசி படிந்து பச்சை ஏறிய பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை கேட் தூணில் அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனை திண்ணையோரம் கூட வந்த பையன் கையில். தண்ணீர் சிந்திவிடுமோ என்று பையன் கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு நின்றான். "கைய எடுடா! அடைச்சுக்கிட்டு நின்னா மட்டம் எப்படிடா வரும்?" என்று அதட்டினார் மேஸ்திரி. விரலை எடுத்ததும் குழாயிலிருந்த தண்ணீர் சட்டென்று நகர்ந்து, மேலும் கீழும் ஆடி, நின்றது.

அந்தக் குழாயிலிருந்து வந்த பாசி வாடை சாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டு முடித்து, "சார், சார்" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

சாரின் பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பெரிய உத்தியோகம் இல்லை. கடல் மட்டத்தை அளக்கும் கருவி இருந்த சின்ன அறையின் சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். கோடை விடுமுறையில் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். அன்றைக்குச் செம்பாக்கம் என்றால் ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், வேளச்சேரி சாலையில் எப்போதாவது ஒரு பஸ். தாம்பரம் வரை சைக்கிள் கேரியர். அங்கிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன்.

தாம்பரம் நடைமேடையின் கோடியில் நிற்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை உயரம் என்று ஒரு எண் எழுதியிருக்கும். பெரியப்பா அதைக் காட்டி, "கடல்னு போட்டிருக்கானே, எந்த ஊர்க் கடல்? காத்தாலக் கடலா, சாயங்காலக் கடலா?" என்பார். பையன் விழிப்பான். "வா, போய்ப் பாத்துக்கலாம்." அந்த 'போய்ப் பார்ப்பது' தான் பையனுக்கு அந்த விடுமுறையே.

அறைக்குள் முதலில் வருவது வாடை. துரு, பாசி, எண்ணெய், மை எல்லாம் கலந்த ஒன்று. தரையிலிருந்து ஒரு குழாய்க் கிணறு நேராகக் கடலுக்குள் இறங்கும். அதன் அடிப்பக்கத்தில், எவ்வளவு வற்றினாலும் தண்ணீருக்கு வெளியே தெரியாத ஆழத்தில், ஒரு சின்னத் துவாரம். வெளியே அலை எவ்வளவு குதித்தாலும் அந்தத் துவாரத்தின் வழியாக அவசரமாக உள்ளே வர முடியாது. மணிக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் ஓதம் மட்டும் வரும். கிணற்றுத் தண்ணீரில் ஒரு மிதவை. மிதவையிலிருந்து ஒரு கம்பி மேலே கப்பியைச் சுற்றிப் போகும், மறுபக்கம் எடைக்கட்டி. கப்பி சுற்றும்போது பேனா நகரும். பேனாவுக்குக் கீழே காகிதம் சுற்றிய உருளையைக் கடிகாரம் ஒன்று ஒரு நாளைக்கு ஒரு சுற்றாகத் திருப்பிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும், வற்றினால் இறங்கும். சென்னையில் ஓதம் அப்படியொன்றும் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் அது பத்து மீட்டரைத் தாண்டும். "நம்ம கடல் கொஞ்சம் அடக்கமான கடல்டா" என்பது பெரியப்பாவின் கணிப்பு. அந்தக் கணிப்பு தவறென்று காட்டும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

சாவி வைத்திருந்தவரின் வேலை காகிதத்தை மாற்றுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, மை ஊற்றுவது. இவற்றோடு முக்கியமான ஒன்று உண்டு. வெளியே தூணில் பதித்திருந்த அளவுக்கம்பைக் கண்ணால் பார்த்து, அந்த எண்ணையும் நேரத்தையும் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். கம்பைப் படிப்பது லேசான காரியம் இல்லை. தண்ணீர் ஒரு நிமிஷம் சும்மா நிற்காது. அலை ஏறும் உச்சியையும் இறங்கும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்து நடுவைச் சொல்ல வேண்டும். பையன் குனிந்து பார்த்துச் சொல்வான், பெரியப்பா எழுதுவார்.

ஒரு நாள் பையன் சொன்ன எண்ணும் பேனா போட்ட கோடும் ஒத்துப்போகவில்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். "பொய் சொல்றது கம்பா, காகிதமா?" என்று கேட்டுவிட்டு பெரியப்பா வெற்றிலையை மடித்தார். அன்றைக்கு வற்றம் முடிந்து ஏற்றம் முடியும் வரையும், மறுபடி வற்றம் தொடங்கிய பிறகும் கால் மணிக்கு ஒரு தடவை கம்பைப் படிக்கவைத்தார். நோட்டில் இரண்டு வரிசை எண்கள் இறங்கின. ஏற்றத்தின்போதெல்லாம் காகிதம் குறைவாகக் காட்டியது. உச்சியில் தண்ணீர் தயங்கி நின்றபோது இரண்டும் ஒன்றாயின. வற்ற ஆரம்பித்ததும் காகிதம் அதிகம் காட்டியது. பெரியப்பா நோட்டை மூடினார். "கம்பு அளவு போட்டதுல தப்புன்னா எந்நேரமும் ஒரே வித்தியாசம் வரணும். இது ஏறுறப்போ பின்தங்குது, எறங்குறப்பவும் பின்தங்குது. ஓட்டை அடைச்சிருக்கு." மறுநாள் ஓர் ஆள் முங்கிப் பார்த்தார். துவாரத்தைச் சுற்றிக் கொட்டலசு அப்பிக் கிடந்தது. சுரண்டி எடுத்த பிறகு கோடு சரியானது.

இந்தச் சோதனைக்கு வான் டி காஸ்டீல் என்ற பெயர் உண்டென்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் சார் படித்தார். உலகம் முழுவதும் கடல் மட்டக் கருவியைச் சரிபார்க்க இன்றும் இதையே செய்கிறார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார், செய்தார்.

அந்த முன்னால் இருந்தவர்களின் வரிசை நீளமானது. இந்தியத் துறைமுகங்களில் தானே எழுதும் ஓதக் கருவிகளை வரிசையாக நிறுவியவர் ஏ. டபிள்யூ. பேர்டு என்ற ராணுவப் பொறியாளர். 1870களில் தொடங்கிய வேலை அது. வைத்த சில வருஷங்களிலேயே அந்தக் கருவிகள் யாரும் எதிர்பாராத ஒன்றை எழுதின. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பூகம்பம் வந்தது. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த ஆழிப்பேரலை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் காகிதத்தில் பதிவானது. நாகையில் அதன் உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் அதே பேனாக்கள் துள்ளின. பேர்டு அந்தக் கோடுகளை ஒன்றுசேர்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதினார். ஆக, 2004க்கு நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே நம் கரையில் இதற்குக் காகிதச் சாட்சி இருந்தது. 2004இல் "நம்ம பக்கம் இதெல்லாம் வராது" என்று பேசியவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கவில்லை.

மஞ்சள் பலகைக் கேள்விக்கும் விடை இந்தப் பழைய கருவிகளின் கதையில்தான் கிடைத்தது. 1909இல் முடிந்த நாடு தழுவிய மட்டக்கணக்குக்கு ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாக எடுத்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் பால்ஸ் பாயின்ட். ஒன்பதிலும் சராசரி மட்டம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். கடல் ஒன்பது ஊரிலும் ஒரே உயரத்தில் நிற்காது என்பதுதான் சங்கடம். காற்று, நீரோட்டம், உப்பின் அளவு எல்லாம் சேர்ந்து ஓரிடத்தில் தூக்கும், ஓரிடத்தில் தாழ்த்தும். காத்தாலக் கடலுமில்லை, சாயங்காலக் கடலுமில்லை. ஒன்பது ஊர்க் கடலைப் பிடித்துச் சமமென்று சொல்லிவைத்த கடல். இதைப் படித்தபோது, பெரியப்பா இருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார் என்று சாருக்குத் தோன்றியது. இந்த ஊர்ப்பக்கத்துக்கு அளவையோடு பழைய சொந்தம் உண்டு. இந்தியாவை அளக்கும் பெரும்பணிக்கு லாம்டன் 1802இல் போட்ட முதல் அடிக்கோடு பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே ஏழரை மைல் ஓடியது. செம்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் ஸ்கூட்டரில் போய்வரும் தூரம்.

2004 டிசம்பர் 26 காலை கட்டில் லேசாக ஆடியதை சார் கவனித்தார். மணி ஆறரை. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காபி குடித்தார்கள். ஒன்பது மணிக்குமேல்தான் மெரினாவிலிருந்து தொலைபேசி வழியாக வாய்ச்செய்தி வர ஆரம்பித்தது. ஆடியதற்கும் அலை வந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தை யாராலும் பயன்படுத்த முடியவில்லை. அப்போது இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. சென்னைத் துறைமுகத்துக் கருவி தன் கடமையைச் செய்து, ஒன்பது மணி சுமாருக்கு முதல் அலையைப் பதிந்தது. கரையில் இருக்கும் கருவி கரைக்கு வந்ததைத்தானே சொல்ல முடியும்? அதே காலையில், பூகம்பத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் தற்செயலாக வங்காள விரிகுடாவின் மேல் பறந்து நடுக்கடலில் அந்த அலையை அளந்திருந்தன. உயரம் அரை மீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சார் வீட்டு மாடிக்குச் சில பையன்கள் குடிவந்தார்கள். பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டி, சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. அந்தச் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தி, ஆழ்கடலில் அழுத்தமானிகளை இறக்கும் குழு அங்கே உண்டு. மாடிப் பையன்கள் அதில் ஒப்பந்த வேலையில் இருந்தார்கள். 'சாகர் நிதி', 'சாகர் மஞ்சுஷா' என்று கப்பல் பெயரைச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போவார்கள். திரும்பி வரும்போது துணி மூட்டையோடு மீன் குழம்புக்கு ஏங்கிக்கொண்டு வருவார்கள். கடலிலேயே இருந்துவிட்டு மீனுக்கு ஏங்குவானேன் என்று சாரின் மனைவிக்கு ஆச்சரியம்.

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவர்களில் ஒருவன் கடலடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னான். "சார், அது மட்டத்தையே பாக்காது. தலைக்கு மேல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு வெயிட்ட மட்டும் பாக்கும்." உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். அழுத்தம் கூடினால் அதிர்வெண் மாறும். பத்து மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு காற்றுமண்டல அழுத்தம். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் முந்நூறு. அந்தப் பாரத்துக்கு அடியில் கிடந்துகொண்டு, மேலே கடல் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அது கண்டுபிடிக்க வேண்டும். மூன்று லட்சத்தில் ஒன்று. கண்டுபிடித்ததை ஒலியாக மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குத் தரும். அங்கிருந்து ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்துக்கு. சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் அங்கே தொடங்கியது.

காற்றடித்து எழும் அலையை அந்தப் பெட்டி எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று சார் கேட்டார். பெரியப்பாவின் கிணற்றுத் துவாரம் ஞாபகம் வந்துவிட்டது. இங்கே துவாரம் தேவையில்லை. சாதாரண அலை அதன் நீளத்தில் பாதி ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நூறு மீட்டர் நீள அலை ஐம்பது மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இல்லை. ஆழிப்பேரலையின் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அது அடிவரை முழுத் தண்ணீரையும் அசைத்துக்கொண்டுதான் போகும். கடலே வடிகட்டித் தருகிறது.

அன்று மாலை சாருக்குள்ளிருந்த வாத்தியார் முழித்துக்கொண்டார். துறைமுகத்து மிதவையையும் கடலடிப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே எண் வருமா? வராது என்றான் பையன். எப்போதெல்லாம் வராது என்பதுதான் சுவாரசியம்.

புயல் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே வரும். வழக்கமான 1010இலிருந்து 980க்கு இறங்கினால் காற்றுத் தள்ளும் தண்ணீரைச் சேர்க்காமலே முப்பது சென்டிமீட்டர். துறைமுக மிதவை அந்த ஏற்றத்தைக் காட்டும். ஆழ்கடல் பெட்டியோ எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். மேலே காற்றின் பாரம் குறைந்த அளவுக்குத் தண்ணீரின் பாரம் கூடிவிட்டதே! அடியில் மொத்தக் கணக்கு அப்படியேதான். இரண்டு கருவியிலும் பழுது இல்லை. ஒன்று உயரத்தைச் சொல்கிறது, மற்றது எடையைச் சொல்கிறது.

கடல் சூடானாலும் இப்படித்தான். சூடான தண்ணீர் விரிந்து மேலே வரும், எடை கூடாது. உலகக் கடல் மட்டம் உயர்வதில் ஒரு பெரும்பங்கு இந்த விரிவினால் வருவது. கடலடிப் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. பனிமலை உருகி வந்த தண்ணீரை மட்டும் அது உணரும். ஆக, மட்டத்திலிருந்து எடையைக் கழித்தால் எவ்வளவு சூட்டினால், எவ்வளவு உருகலால் என்று பிரித்துவிடலாம். 2002இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாறுவதை வைத்து இந்த எடையை மேலிருந்து பார்த்தன. அதே காலத்தில் கடலில் விடத் தொடங்கிய ஆர்கோ மிதவைகள் உள்ளே மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கின்றன. ஒத்துப்போகாத எண்களைக் கண்டால் எரிச்சல்படுகிற பழக்கம் அன்றோடு சாரை விட்டது என்று சொல்ல முடியாது. மின்கட்டண ரசீதில் அது இன்னும் இருக்கிறது.

கரையோரத்து அழுத்தமானிக்கு வேறு தொல்லைகள். அது எடையைத்தான் அளக்கிறது. உயரம் வேண்டுமென்றால் தண்ணீரின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். அந்த அடர்த்தியோ மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்தால் ஒன்று, கோடையில் ஒன்று. சேறு கலங்கிய கழிமுகத்தில் இன்னும் சிக்கல். மேலே அழுத்தும் காற்றைத் தனியாக அளந்து கழிக்கவும் வேண்டும். கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தில் ஆண்டனி ஜோசப்பும் அவருடைய சகாக்களும் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். மிதவை, அழுத்தமானி, ரேடார் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். ரேடார் கருவி தண்ணீரையே தொடாது. மேலே ஒரு கையில் மாட்டிக் கீழ்நோக்கிப் பார்க்கவைத்தால், அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். கொட்டலசுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் எச்சரிக்கை மையத்தின் துறைமுக நிலையங்களில் ரேடாரை மட்டும் நம்பிவிடவில்லை. மிதவை, அழுத்தமானி, ரேடார் மூன்றையும் ஒரே இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். ஒன்று உளறினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம். சென்னையில் கட்டடங்கள் ஆடின. அலுவலகங்களிலிருந்து எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். தாம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளை அழைக்க வந்த பெற்றோர் கூட்டம் ரோட்டை அடைத்தது. இந்தத் தடவை ஐதராபாத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, கடற்கரையைக் காலிசெய்தார்கள். மாடிப் பையன் ஒருவன் போனை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கடலடிப் பெட்டிகள் சில சென்டிமீட்டர்தான் காட்டுகின்றன என்று தெரிந்ததும் எழுந்து, "ஒண்ணுமில்ல சார், பக்கவாட்டுல நழுவியிருக்கு, தண்ணிய தூக்கல" என்றான். சாயங்காலமே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். வராத அலையை வராது என்று சொல்ல முடிந்ததுதான் 2004க்கும் 2012க்கும் உள்ள வித்தியாசம். செய்தித்தாள்களில் அது பெரிதாக வரவில்லை. வராததைப் படம் எடுக்க முடியாதல்லவா.

மறு வருஷம் பிப்ரவரி 25 சாயங்காலம் தெருவே மொட்டைமாடிகளில் நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் தென்சென்னையிலிருந்தும் அந்த ஒளிக்கோடு தெரியும். அன்று போனது பி.எஸ்.எல்.வி. சி-20. அதிலிருந்த சரல் என்ற செயற்கைக்கோள் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்தது. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பிக் கடலின் மேற்பரப்பை சென்டிமீட்டர் கணக்கில் அளப்பது அதன் வேலை. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாடிப் பையன் மட்டும், "நம்ம ஹார்பர் தண்ணிய அதால பாக்க முடியாது சார்" என்றான். கரைக்கு அருகில் வந்தால் ரேடார் வெளிச்சத்துக்குள் நிலமும் நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும். சரல் பழைய செயற்கைக்கோள்களைவிடக் கரைக்கு நெருக்கமாகப் பார்க்கும், அவ்வளவே. துறைமுகக் கருவிக்கு நடுக்கடல் தெரியாது, செயற்கைக்கோளுக்கு வாசல் தெரியாது.

கடல் செம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆனாலும் அதன் மட்டம் இந்தத் தெருவுக்குள் வந்துபோகிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம் வழியாக ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்புக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். சதுப்பு ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே கிடக்கிறது. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் தண்ணீர் வடியாது, வழியெல்லாம் தேங்கும். இங்கே இன்னொரு விஷயம். சென்னைக் கரையில் கடல் மட்டம் வருஷம் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. பங்குனியை ஒட்டித் தாழ்ந்தும், ஐப்பசி கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். அந்த மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் (மீனவர்கள் வன்னி என்பார்கள்) தண்ணீரைக் கரைப்பக்கம் சாய்த்துவைக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் கலந்து கடலும் லேசாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். மழையும் உயர்ந்த கடலும் ஒரே தேதி பார்த்து வருகின்றன.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரி உடைந்துவிடும் என்று வதந்தி. சார் குடும்பம் மாடியில், மாடிப் பையன்களோடு ஒரே அடுப்பில். கீழே ஹாலில் தண்ணீர் சோபாவின் உட்காரும் உயரத்துக்கு வந்து நின்றபோது, சாருக்கு வேறொன்றும் தோன்றாமல் படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். நேரம், கோடு. நேரம், கோடு. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஒரே சீராக இறங்கவில்லை. சில மணி நேரம் வேகமாக, சில மணி நேரம் சோம்பலாக. இது ஓதத்தின் வேலையா, மேலே எங்கோ ஏரி வழிவதா, மதகு திறப்பதா என்று மாடியில் வாக்குவாதம். செம்பாக்கத்துத் தெருவுக்குள் ஓதம் வராது, அது பாதி வழியிலேயே அடங்கிவிடும் என்று பையன் அடித்துச் சொன்னான். சார் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளையடித்தபோது அந்தச் சாக்பீஸ் கோடுகள் போய்விட்டன. அவருடைய மனைவி போட்டோ எடுத்துவைத்திருப்பதால் வாக்குவாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் தெருவின் வாட்ஸ்அப் குழு பெரிதாகியிருந்தது. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது. பால் எங்கே கிடைக்கும், படகு எங்கே நிற்கிறது என்ற செய்திகளுக்கு நடுவே, முகத்துவாரத்தில் வற்றம் எத்தனை மணிக்கு என்று சார் தினமும் போட்டார். முதலில் யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாம் நாளே "சார், இன்னைக்கு வத்தம் எப்போ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பாவின் காலத்தில் துறைமுகத்து ஆட்கள் மட்டும் புரட்டிய ஓத அட்டவணை, செம்பாக்கத்துக் குழம்பு–ரசத் தெருவில் பேச்சுப்பொருளானது அப்படித்தான்.

மழை நின்று சில மாதம் கழித்து அதே குழுவில் சண்டை வந்தது. சென்னையில் கடல் வருஷத்துக்கு 0.33 மில்லிமீட்டர்தான் உயர்கிறது என்று நாடாளுமன்றத்தில் தந்த பழைய பதில் ஒன்றை ஒருவர் போட்டார். அதில் கொல்கத்தாவுக்குக் கீழே டயமண்ட் ஹார்பருக்கு 5.16 என்று இருந்தது. அடுத்த பிளாக்குக்காரர், உலகக் கடல் 1993இலிருந்து வருஷத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது என்று செயற்கைக்கோள் கணக்கைப் போட்டு, "யாரை ஏமாத்துறாங்க?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் அரசியல் வந்துவிட்டது.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நீளமாகத் தட்டச்சு செய்தார். துறைமுகக் கருவி தான் நிற்கும் நிலத்திலிருந்து கடலை அளக்கிறது. நிலம் தாழ்ந்தால் கடல் ஏறியதாகக் காட்டும். டயமண்ட் ஹார்பர் நிற்பது அமிழ்ந்துகொண்டிருக்கும் டெல்டா மண். செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து அளக்கிறது. நிலம் தாழ்ந்ததும் உயர்ந்ததும் அதற்குச் சம்பந்தமில்லை. 0.33 என்பது 1916இலிருந்து தொடங்கும் நீண்ட கணக்கு. 3 என்பது கடைசி முப்பது வருஷக் கணக்கு, அதுவும் உலகம் முழுதுக்கும் சராசரி. இந்தியக் கரையின் நீண்டகாலக் கருவிப் பதிவுகளை அலசிய உன்னிகிருஷ்ணனும் சங்கரும் 2007இல் சொன்னது வருஷத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். இரண்டு எண்ணும் சரி, கேள்விதான் வேறு வேறு. சென்னையில் நிலம் எங்கெங்கே தாழ்கிறது என்று துறைமுகக் கருவியோடு ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்தால்தான் இரண்டையும் சேர்க்க முடியும். அனுப்பினார்.

இரண்டு நீலக் குறி விழுவதற்குள் ஒருவர் குத்துவிளக்குப் படத்தோடு இனிய காலை வணக்கம் போட்டார். மணி மாலை ஏழு. அப்புறம் சங்கச் செயலாளரிடமிருந்து வந்தது: "சார், இதுல நம்ம தெருவுக்கு எவ்ளோன்னு ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. கார்ப்பரேஷனுக்கு மனு எழுதணும்."